நெஞ்செரிச்சலும் மூச்சுத்திணறலும்

நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். தொண்டையை யாரோ இறுக்கிப் பிடித்தது போன்ற உணர்வு, மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை, வாயில் புளிப்பு, தொடர்ந்து இருமல். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆனால் போன உறக்கம் திரும்புவதில்லை. ‘இது இதயமா, வயிறா?’ என்ற ஐயம் விடியும் வரை வாட்டுகிறது. காலையில் செய்தி கேட்டு வரும் அண்டை வீட்டார், “கேஸ் தொல்லையாக இருக்கும், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்” என்று ஆறுதல் கூறிச் செல்கின்றனர்.

அவர்கள் கூறுவது சரியாகவும் இருக்கலாம். உயிரைப் பறிக்கும் பிழையாகவும் இருக்கலாம். இரைப்பை அமிலம் மேல்நோக்கி எதுக்களிப்பதால் மூச்சுத்திணறல் ஏற்படுவது உண்மை. நம் நாட்டில் மாரடைப்புக்கு ஆளான பலர், அதை வாயுத் தொல்லை என்று எண்ணி மருத்துவமனைக்குக் காலம் கடந்து வந்து சேர்வதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்திக்கொண்டுதான் இந்நோயைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் இதயம், பிறகே வயிறு

மூச்சுத்திணறல் முதன்முறையாகத் தோன்றும்போது, அது இதயத்தைச் சார்ந்தது அன்று என்று உறுதியாகும் வரை, வயிற்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இது மிகையான அச்சம் அன்று. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மீது அமர்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. ஆகவே இதயத்தின் அடிப்பகுதித் தசைக்கு இரத்தம் தடைப்படும்போது குமட்டல், வாந்தி, ஏப்பம், மேல்வயிற்று எரிச்சல் ஆகியவையே முதன்மையான அறிகுறிகளாகத் தோன்றக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், முதியவர்களுக்கும், பெண்களுக்கும் மார்வலியே இன்றி வெறும் மூச்சுத்திணறலாகவும் மிகுந்த அயர்வாகவும் மாரடைப்பு வெளிப்படுவது உண்டு.

‘ஏப்பம் விட்டதும் குறைந்துவிட்டது, எனவே கேஸ்தான்’ என்பது பரவலான நம்பிக்கை. இது சான்று ஆகாது. அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் குடித்தவுடன் வலி குறைந்தாலும் அது இதய வலி அன்று என்று முடிவு செய்ய இயலாது. இதய வலி தானாகவே சற்று நேரம் தணிந்து பின் திரும்புவது உண்டு. மறுபுறம், நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையால் வலி நின்றது என்பதைக் கொண்டு அது இதயம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அம்மாத்திரை உணவுக்குழாயின் தசைப்பிடிப்பையும் தளர்த்தும். மருந்தைக் கொண்டு நோயை ஊகிப்பதைக் காட்டிலும் ஓர் ஈசிஜி எடுப்பது எளிது. முதல் ஈசிஜி இயல்பாக இருந்தும் ஐயம் நீங்காவிட்டால், சிறிது நேரம் கழித்து மீண்டும் ஈசிஜி எடுப்பதும், ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்வதும் மருத்துவர்களின் வழக்கம்.

சில அறிகுறிகள் இருந்தால் வீட்டில் காத்திருத்தல் கூடவே கூடாது. மார்பில் பாரம் அல்லது இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், உதடு நீலமாதல், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேசி முடிக்க இயலாத திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் 108 அல்லது 112 எண்ணை அழைப்பதே முறை. நீண்ட பயணத்துக்குப் பின்னோ அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ ஒரு காலில் மட்டும் வீக்கமும் அதனுடன் திடீர் மூச்சுத்திணறலும் வந்தால், அது நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததாக இருக்கக்கூடும். தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுவது, நம்மவர்களிடம் காணப்படும் மற்றொரு தவறான துணிச்சல்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. எதுக்களிப்பினால் உண்டாகும் திணறலில் அதன் அளவு பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேலேயே இருக்கும். அளவு குறைந்திருந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும். ஆனால் அளவு இயல்பாக இருப்பதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடுதல் தவறு. மாரடைப்பின்போதும் அக்கருவி 98 எனக் காட்டக்கூடும்.

இன்னும் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. எதுக்களிப்பினால் வரும் திணறல் உணவுக்குப் பின், குனியும்போது, படுக்கும்போது வரும். மாடிப்படி ஏறும்போதும் விரைந்து நடக்கும்போதும் மூச்சு வாங்கி, நின்றால் தணிகிறது என்றால் வயிற்றின் மீது பழி சுமத்துவதற்கு இடமில்லை. இதயம், நுரையீரல், இரத்தசோகை ஆகிய மூன்றையும் ஆராய வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் நீங்குவது இதயச் செயலிழப்பிலும் உண்டு. கணுக்கால் வீக்கமும் அண்மையில் திடீரென ஏறிய உடல் எடையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அமிலம் மூச்சை எவ்வாறு தடுக்கிறது

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, மற்ற நேரங்களில் மூடியிருப்பது அதன் பணி. அதே இடத்தில் உதரவிதானமும் ஒரு வளையம் போல் சூழ்ந்து நின்று அதற்குத் துணைபுரிகிறது. இரைப்பை அளவுக்கு மீறி விரியும்போது இந்தச் சுருக்குத்தசை அவ்வப்போது தானே தளர்ந்துவிடும். ஏப்பம் வருவதும் இவ்வாறுதான். காற்றோடு அமிலமும் மேலேறினால் அது எதுக்களிப்பு. இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத் துளையின் வழியே மார்புக்குள் நழுவிவிட்டால், இரு காவலர்களும் வெவ்வேறு இடங்களில் நிற்பதாகிவிடும். அமிலத்துக்கு வழி எளிதாகும்.

மேலேறிய அமிலம் மூச்சைப் பாதிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது நேரடி வழி. அமிலத் துளிகள் தொண்டை வரை வந்து குரல்வளையையோ மூச்சுக்குழலையோ தொடுகின்றன. நுரையீரலைக் காக்கும் பொருட்டுக் குரல்வளை சட்டென்று மூடிக்கொள்கிறது. முதலில் கூறிய நள்ளிரவுக் காட்சி பெரும்பாலும் இதுவே. அச்சமூட்டுவதாயினும் அது பொதுவாகச் சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விடுபடும்.

இரண்டாவது வழி மறைமுகமானது. உணவுக்குழாயும் மூச்சுக்குழலும் கருவில் ஒரே குழாயிலிருந்து தோன்றியவை. இரண்டுக்கும் வேகஸ் நரம்பே செல்கிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை அமிலம் உறுத்தினாலே, தொண்டையை எட்டாமலேயே, நரம்பின் எதிர்வினையால் மூச்சுக்கிளைகள் சுருங்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களிடம் இது மிகுதி. ஆஸ்துமாவும் தன் பங்குக்கு எதுக்களிப்பைத் தூண்டுகிறது: இருமலின்போதும் மூச்சிழுப்பின்போதும் வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடுகிறது, தியோபிலின் போன்ற சில ஆஸ்துமா மருந்துகள் சுருக்குத்தசையைத் தளர்த்துகின்றன. எது முதல், எது பின் என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

மருத்துவத்துக்கு இது புதிய செய்தி அன்று. 1892ஆம் ஆண்டு முதற்பதிப்புக் கண்ட புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலின் ஆசிரியர் வில்லியம் ஆஸ்லர், இரவு நேர ஆஸ்துமாவைத் தவிர்ப்பதற்காக நோயாளிகள் தம் பெரிய உணவை நண்பகலிலேயே உண்ணப் பழகிக்கொள்வதைக் குறித்திருக்கிறார். அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் எவையும் அறியப்படாத காலம் அது. நோயாளிகள் தம் அனுபவத்தால் கண்டறிந்த அந்த வழி இன்றும் முதல் மருந்தாகவே இருக்கிறது.

இரவே முதன்மையான களம்

பகலில் நாம் நிமிர்ந்திருக்கிறோம். அமிலம் ஏறினாலும் புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்துவிடும். நிமிடந்தோறும் விழுங்கும் உமிழ்நீர் எஞ்சிய அமிலத்தைக் கழுவி நடுநிலையாக்குகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பும் விழுங்குதலும் ஏறத்தாழ நின்றுபோகின்றன. ஆகையால் இரவில் ஏறும் அமிலம் நெடுநேரம் தங்குகிறது.

இதற்கு முதல் தீர்வு இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது. சொல்வது எளிது. பெருநகரங்களில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பவே ஒன்பது மணி ஆகிறது. உணவு பத்துக்கு, உறக்கம் பத்தரைக்கு என்பதே பல குடும்பங்களின் நிலை. அவர்களுக்கு நடைமுறைக்கு உகந்த வழி ஒன்று உண்டு: மாலை ஆறு அல்லது ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே உணவின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டு, வீடு வந்தபின் இலேசாக ஏதேனும் உண்பது. மாலையில் சமோசாவும் தேநீரும், இரவு பத்து மணிக்கு முழுச் சாப்பாடும் என்பதைத் தலைகீழாக மாற்றினால் போதும். திருமண விருந்துகளின் இரவுகளில் இதைக் கடைப்பிடிக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று குறைவாக உண்டு, உடனே படுக்காமல் இருந்தால் அதுவே பெரிது.

இரண்டாவது, கட்டிலின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்துவது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் அடியில் உறுதியான மரக்கட்டைகளையோ செங்கற்களையோ நழுவாதபடி வைக்கலாம். இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிக்கொள்வது இதற்கு ஈடாகாது. தலையணைகள் கழுத்தை மட்டும் உயர்த்தி இடுப்பை மடக்குகின்றன. வயிற்றில் அழுத்தம் கூடி எதுக்களிப்பு மிகலாம். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள், இடுப்பிலிருந்து தலை வரை சீராகச் சரிந்து உயரும் ஆப்பு வடிவ மெத்தையைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. இரைப்பை உடலின் இடப்புறம் அமைந்துள்ளது. இடப்பக்கமாகப் படுக்கும்போது உணவுக்குழாயின் வாய் அமிலத்தின் மட்டத்துக்கு மேலே நிற்கும். வலப்பக்கமாகப் படுத்தால் அமிலத்துக்குள் மூழ்கும். செலவில்லாத இம்மாற்றத்தின் பலனைச் சில நாட்களிலேயே பலர் உணர்கின்றனர்.

இரவில் திணறி விழித்தால் செய்ய வேண்டியது என்ன? எழுந்து நிமிர்ந்து உட்கார வேண்டும். வாயைத் திறந்து காற்றை வேகமாக இழுக்க முயன்றால் குரல்வளை மேலும் இறுகும். வாயை மூடி, மூக்கின் வழியே மெல்லச் சிறிது சிறிதாக இழுத்து, குவித்த உதடுகளின் வழியே நீளமாக வெளியே விட வேண்டும். அடங்கியபின் இரண்டு வாய் நீர் அருந்தலாம். மீண்டும் உடனே படுக்காமல் அரைமணி நேரமேனும் சாய்ந்து உட்கார்ந்திருப்பது நல்லது. இத்தகைய நிகழ்வு முதன்முறை எனில், அடங்கிவிட்டாலும் மறுநாள் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. ஐந்து நிமிடங்களில் அடங்காவிடில் அது எதுக்களிப்பு அன்று என்றே கருதிச் செயல்பட வேண்டும்.

உணவைப் பற்றி

புளி, காரம், காபி, தக்காளி, எண்ணெயில் பொரித்தவை என்று நீண்ட தடைப்பட்டியலை நோயாளியிடம் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் எல்லாம் ஆகாதவை அல்ல. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குவதால் பலருக்குத் தொல்லை தருகிறது. மற்றவற்றை அவரவர் உடலே சொல்லும். எதை உண்டோம் என்பதைவிட எவ்வளவு உண்டோம், எப்போது உண்டோம் என்பனவே முக்கியம். படுக்கும் முன் ஒரு குவளைப் பால் அமிலத்தைத் தணிக்கும் என்பது சற்று நேரத்துக்கே பொருந்தும். பின்னர் அதுவே புதிய அமிலச் சுரப்பைத் தூண்டும். சோடா இரைப்பையை விரிவாக்கிச் சுருக்குத்தசையைத் திறக்கிறது. அண்டை வீட்டாரின் அறிவுரை இங்கும் தவறுகிறது. நீரில் கரைத்துக் குடிக்கும் பழ உப்புத் தூளில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் அதை அன்றாடப் பழக்கமாக்கக் கூடாது. புகையிலையை எந்த வடிவிலும் விட்டுவிட வேண்டும்.

உடல் எடை கூடியவர்களுக்கு, எடையைக் குறைப்பது மற்ற எல்லாவற்றிலும் மேலான பலன் தரும். தொப்பையின் அழுத்தம்தான் அமிலத்தை மேலே தள்ளும் விசை. இறுக்கமான இடைவார் அதற்குத் துணைபோகிறது. மதிய உணவைப் பத்து நிமிடங்களில் விழுங்கிவிட்டு மீண்டும் நாற்காலியில் குனிந்து அமர்பவர்கள், கவுண்டரின் எந்தப் பக்கம் இருந்தாலும், இதைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரை எங்கே உதவும், எங்கே உதவாது

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள் இன்று வீடுதோறும் உள்ளன. அமிலம் சுரக்கும் நுண்பம்புகளை அவை நிறுத்துகின்றன. அப்பம்புகள் உணவு உண்ணும்போதே விழித்தெழுகின்றன. எனவே உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னர் மாத்திரையை உட்கொண்டால்தான் முழுப் பயன் கிட்டும். உண்டபின் நினைவு வந்து விழுங்குபவர்களும், எரியும்போது மட்டும் விழுங்குபவர்களும், ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று குறைகூறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நெஞ்செரிச்சலும் புளிப்பும் இருந்து, அவற்றோடு மூச்சுத் தொல்லையும் உள்ளவர்களுக்கு இம்மாத்திரைகள் நன்கு உதவ வாய்ப்புண்டு. நெஞ்செரிச்சல் சிறிதும் இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் இருப்பவர்களின் நிலை வேறு. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும், மிகக் குறைந்த அளவிலான எதுக்களிப்பு அறிகுறிகளும் உள்ள, அல்லது அறிகுறியே இல்லாத 412 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், எசோமெப்ரசோலை நாளொன்றுக்கு இருமுறை 24 வாரங்கள் கொடுத்தும் ஆஸ்துமா மேம்படவில்லை. நெஞ்செரிச்சல் போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு, மாத்திரையைத் தொடங்கும் முன் எதுக்களிப்பு உண்மையில் உள்ளதா என்று பரிசோதித்தறிய வேண்டும் என்று அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் கல்லூரி 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. எண்டோஸ்கோபியும், உணவுக்குழாயின் அமில அளவை நாள் முழுதும் பதிவு செய்யும் பரிசோதனையும் இதற்குப் பயன்படுகின்றன. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஆஸ்துமா உள்ளதா என்பதைத் தெளிவாக்கும்.

மூச்சுத் தொல்லை குறைய நெஞ்செரிச்சலைக் காட்டிலும் அதிகக் காலம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அதற்குள் பலன் இல்லையென்று மருத்துவரை மாற்றுவதும், பலன் கிடைத்தபின் ஆண்டுக்கணக்கில் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் தொடர்வதும் ஒருங்கே தவறு. நெடுங்காலப் பயன்பாட்டில் வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவற்றின் அளவு குறையக்கூடும். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரந்து சில வாரங்கள் தொல்லை தரலாம்; ஆகையால் மருத்துவரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு குளோபிடோகிரெல் உட்கொள்பவர்கள், ஒமெப்ரசோலைக் கடையில் தாமாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அது குளோபிடோகிரெலின் ஆற்றலைக் குறைக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகள் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டுவதுண்டு. அதற்காக அவற்றைத் தாமே நிறுத்திவிடலாகாது; மருத்துவரிடம் கூறினால் மாற்று உண்டு.

அச்சமும் மூச்சும்

ஒருமுறை நள்ளிரவில் திணறியவருக்கு ஒவ்வோர் இரவும் அச்சமே துணை. அச்சத்தில் மூச்சு வேகமாகி மேலோட்டமாகிறது, காற்றை விழுங்குகிறார், வயிறு உப்பி ஏப்பம் வருகிறது, அதோடு அமிலமும் வருகிறது. இப்படி அமிலத்தால் தொடங்கிய திணறலை அச்சம் நீட்டித்துச் செல்கிறது. ஈசிஜி, எக்கோ எல்லாம் இயல்பாக வந்தபின்னும் பலர் மருத்துவமனைகளுக்கு அலைவது இதனால்தான். அவர்களைப் ‘பிரமை’ என்று வீட்டார் ஒதுக்குவது நேர்மையன்று, திணறல் மெய்யானது.

உதரவிதான மூச்சுப்பயிற்சி இங்கு இருவகையில் உதவுகிறது. வெறும் வயிற்றில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பின் கை அசையாமல் வயிற்றின் கை மட்டும் உயரும்படி மூக்கால் இழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளியே விட வேண்டும். நாள்தோறும் காலையும் மாலையும் பத்து நிமிடங்கள் போதும். சுருக்குத்தசைக்குத் துணைநிற்கும் உதரவிதானத்தை இது வலுவாக்குகிறது. எதுக்களிப்பு குறைவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. மனமும் அமைதியுறுகிறது. ஆனால் சிரசாசனம், முன்னே மடங்கும் ஆசனங்கள், கபாலபாதி போன்று வயிற்றை அழுத்துபவை எதுக்களிப்பு உள்ளவர்களுக்குத் தொல்லையைக் கூட்டக்கூடும். யோகப் பயிற்சி ஆசிரியரிடம் நோயை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவரைக் காணச் செல்லும் முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு எழுதி வந்தால் அவருக்குப் பெரிதும் உதவும். திணறல் வந்த நேரம், அதற்கு முன் கடைசியாக உண்ட நேரம், அப்போது படுத்திருந்தாரா நடந்திருந்தாரா, வாயில் புளிப்பு இருந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது, உட்கொண்டு வரும் எல்லா மருந்துகளின் பெயர்கள் ஆகியவை போதும். விழுங்குவதில் தடை, இரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். குறிப்பேடு இல்லாமலேயே உடனே செல்லலாம்.